முதுகில் கண், வயிற்றில் பெயர்

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, எதிரே இருந்த தோழி கைப்பேசியை என் இலைக்கு மேலாக நீட்டினார். கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய மாணவி பள்ளி விடுமுறைக்குக் கேரித் தீவில் தாத்தா வீட்டுக்குப் போனபோது எடுத்த படம் அது. ஈரச் சேறு; அதன்மேல் கட்டைவிரல் நீளத்தில் பழுப்பாக ஒன்று. ஊறவைத்த புளியங்கொட்டையின் தோல் சுருங்கிப்போனால் எப்படி இருக்கும், அப்படி.

"இது என்ன அட்டைன்னு பிள்ள கேக்குது. செயலியில போட்டுப் பாத்தேன். மூணு பேர் காட்டுது. மூணும் வேற வேற."

"புரட்டிப் போட்டு எடுத்த படம் இருக்கா?"

"ஐயே, அதப் போயி யாரு தொடுவா?"

எனக்கு வரும் நத்தைப் படங்கள் எல்லாமே இப்படித்தான். முதுகு மட்டும் தெரியும். ஆள் யாரென்று கேட்டு உச்சந்தலையைப் படம் எடுத்து அனுப்பினால் என்ன சொல்ல முடியும்? செயலி சொன்ன மூன்று பெயர்களையும் குறித்துக்கொண்டேன். ஒன்று ஒன்கிடியம். இன்னொன்று பெரோனியா. மூன்றாவது, பவளப்பாறையில் வாழும் வண்ணவண்ணக் கடல்நத்தைக் கூட்டத்தைச் சேர்ந்த ஏதோ ஒன்று. மூன்றாவதைச் சாப்பாட்டு மேசையிலேயே தள்ளிவிடலாம். மற்ற இரண்டையும் தள்ளவோ கொள்ளவோ வேண்டுமென்றால் சேற்றில் கால் வைத்தாக வேண்டும்.

முதலில் 'அட்டை' என்ற சொல்லை அவிழ்த்துவிடலாம். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அட்டை என்றால் காலில் ஏறி ரத்தம் குடிப்பது. இராமேஸ்வரத்திலும் மன்னாரிலும் கடலட்டை என்றால் அது முற்றிலும் வேறு பிராணி: நட்சத்திர மீனுக்கு உறவுக்காரன், சீனச் சந்தைக்குக் காயவைத்து அனுப்பப்பட்டவன், இந்தியாவில் 2001 முதல் பிடிக்கவே கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தில் ஏற்றப்பட்டவன். லங்காவியில் எண்ணெய் காய்ச்சி விற்கிறார்களே, அந்த காமாட் இவன்தான். பழைய ஆங்கில வணிகர்களும் இதே குழப்பத்தில் கடலட்டையைக் கடல்நத்தை என்றே எழுதிவைத்தார்கள். படத்தில் இருப்பது இவை எதுவுமில்லை. அது நத்தை, ஓட்டைக் கழற்றிவிட்ட நத்தை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சுருண்ட ஓடு உண்டு, மூடி கூட உண்டு. வளரும்போது அதைத் தொலைத்துவிடுகிறது.

ஓடு போனதுதான் பெயர் வைப்பவர்களுக்கு வந்த வினை. சங்கையும் சோழியையும் ஓட்டைப் பார்த்தே அடையாளம் சொல்லலாம். நூறு வருடம் அலமாரியில் கிடந்தாலும் ஓடு மாறாது. ஓடில்லாதவனைச் சாராயத்தில் போட்டால் ஒரு வாரத்தில் நிறம் போகும், உடல் சுருங்கும், பிறகு எல்லாம் ஒரே சாம்பல் நிற உருண்டைதான்.

*

கிள்ளான் துறைமுகத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கு மேல் இருக்கும். இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டிய தண்ணீர் ஆறு மணி நேரத்தில் காணாமல் போகும். புலாவ் இண்டாவில் இருக்கும் தேசிய நீர்வரைவு மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓதப் பட்டியலைப் பார்த்து ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தோம். வற்றம் அடிமட்டத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். தாமதமாகப் போனால் சேறு காய ஆரம்பித்து, நத்தைகள் வளைக்குள் போய்விடும்.

தெலோக் பங்லிமா காராங் வழியாக லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. பெயர் ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரருடையது. நிலம் முழுக்கச் செம்பனை. கடல் உள்ளே வராமல் சுற்றிலும் மண்கரை. கரைக்கு வெளியே எஞ்சிய பாக்காவ் காடு, அதாவது அலையாத்திக் காடு. பிச்சாவரத்துக்காரர்கள் சுரபுன்னை என்று சொல்லும் மரமும் பாக்காவ் குடும்பந்தான். இந்தக் கரை ஓரங்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1901-ல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தபோது மலேரியா வாரிக்கொண்டு போனது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டித்தான் அதை அடக்கினார். அந்த வெட்டில் எத்தனை நத்தை போயிருக்கும் என்று யாரும் கணக்கு வைத்திருக்கமாட்டார்கள். வைக்க வேண்டிய காலமும் அது இல்லை, ஆள்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மாணவியின் தாத்தா தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது நண்டுக்கூடு வைக்கிறார். மண்கரை மேல் நின்று எங்கள் ரப்பர் பூட்ஸைப் பார்த்ததும் சிரித்தார்.

"அது சேத்துல உருவிக்கும் தம்பி. வெறுங்கால்தான் சரி."

"ஓடு, சிப்பி எதாவது கிழிச்சிடாதுங்களா ஐயா?"

"கிழிக்கும்" என்றார், அது பதில் போல.

பூட்ஸோடுதான் இறங்கினேன். பத்தாவது அடியில் வலது பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது. நான் மட்டும் வந்துவிட்டேன். மாணவி அதைக் கைவிட்டு இழுத்துக் கொடுத்தாள். நத்தையைத் தொடாமலே படம் எடுத்த பிள்ளை முழங்கை வரைக்கும் சேறாக நின்றாள்.

காட்டுக்குள் பத்து மீட்டர் உள்ளே, சேற்று இறால் எழுப்பிய மண்மேடுகளுக்கு நடுவே, வேர் ஒன்றின் அடியில் அதைக் கண்டோம். படத்தில் இருந்ததேதானா என்று சொல்ல முடியாது; அதைப் போன்ற ஒன்று. அது போன வழியெல்லாம் நூல் போலச் சேற்றுக் கழிவு நெளிந்துகிடந்தது. சேற்றின் மேல்படலத்தில் படியும் நுண்பாசிகளை மண்ணோடு சேர்த்து விழுங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் விட்டுக்கொண்டே போகிறது. நத்தையைத் தேடுகிறவர்கள் நத்தையைத் தேடமாட்டார்கள். இந்த நூலைத்தான் தேடுவார்கள்.

*

குனிந்து கையை நீட்டினேன். தொடுவதற்கு முன்பே, என் கை நிழல் விழுந்ததும், முதுகு லேசாகச் சுருங்கியது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை மாணவியிடம் கொடுத்து முதுகு மேட்டில் உள்ள கொப்புளங்களைப் பார்க்கச் சொன்னேன்.

"கொப்புளத்து உச்சியில கறுப்பு கறுப்பா புள்ளி இருக்கு சார். மூணு."

"கண்ணு."

அவள் லென்ஸை விலக்கி என்னைப் பார்த்தாள். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளின் நுனியிலும் சாதாரணமாக நத்தைக்கு உள்ள கண்கள் இதற்கும் உண்டு. அவை போக முதுகிலும் கண்கள், கொப்புளத்துக்கு ஒன்றும் இரண்டும் மூன்றுமாக. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் அலைந்த ஜெர்மன் விலங்கியலாளர் கார்ல் செம்பர் 1877-ல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவரை வியக்கவைத்தது கண் இருக்கும் இடம் மட்டுமில்லை, அதன் கட்டுமானமும்தான். நம் கண்ணில் ஒளி உணரும் செல்கள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கின்றன. நத்தைகளின் கொம்புக் கண்ணில் அவை வெளிச்சத்தைப் பார்த்து நிற்கின்றன. இதன் முதுகுக் கண்ணிலோ நம்முடையதைப் போலத் திரும்பி நிற்கின்றன. ஒரே உடம்பில் இரண்டு வடிவமைப்பு.

எதற்கு முதுகில் கண்? செம்பர் சொன்ன காரணத்தை, நாங்கள் நின்ற இடத்திலேயே கண்ணால் பார்க்க முடிந்தது. சேற்றில் துள்ளிக்கொண்டிருந்தன பெலாச்சாக் மீன்கள், நீரை விட்டு வெளியே வந்து துடுப்பால் நடக்கும் ஆந்தைக்கண் மீன்கள். மேலிருந்து பாயும் இந்த மீனின் நிழலைப் பார்த்துக்கொள்ளத்தான் முதுகுக் கண் என்பது அவர் வாதம். ஆதாரமாக அவர் காட்டியது, இதே குடும்பத்தில் முதுகுக் கண் இல்லாத நத்தைகள் பெலாச்சாக் இல்லாத கடற்கரைகளில் வாழ்கின்றன என்பதை. டார்வின் உயிரோடிருந்த காலம்; ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எதிரியைக் கண்டுபிடிப்பதில் எல்லோருக்கும் ஆர்வம். எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், முழுதாக நம்பமாட்டேன். ஏனென்றால் பிற்பாடு ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்து நத்தை ஒன்றை வைத்துச் செய்த வேலையில், கொம்புக் கண், முதுகுக் கண் போகத் தோலில் தனியாக ஒளி உணரும் செல்களும், போதாக்குறைக்கு நரம்புமுடிச்சுக்குள்ளேயே வெளிச்சம் பட்டால் விழிக்கும் நரம்புச் செல்களும் இருப்பது தெரியவந்தது. நான்கு விதமாக வெளிச்சத்தைப் பார்க்கிற பிராணி ஒரே ஒரு மீனுக்குப் பயந்து இத்தனை ஏற்பாடு செய்துகொண்டதா?

முதுகு இவ்வளவு சுவையானதாக இருப்பதால்தான் எல்லோரும் முதுகையே படம் எடுக்கிறார்கள் போலும். புரட்டினேன்.

அடிப்பக்கம் மூன்று பட்டைகளாகத் தெரியும். நடுவில் நடக்கும் கால்; அதன் இருபுறமும் முதுகுப் போர்வையின் உள்மடிப்பு. காலின் அகலத்துக்கும் மடிப்பின் அகலத்துக்கும் உள்ள விகிதம் முதல் தடயம். பிளாட்டெவிண்டெக்ஸ் என்ற கூட்டத்தில் உடம்பு தட்டையாக, தோல் தடித்து, கால் ஒரு குறுகிய வார் மாதிரி இருக்கும். எங்கள் நத்தைக்குக் கால் அகலம். ஆகவே அது இல்லை. அடுத்து வால் பக்கம். அங்கே ஒரு சிறு துளை திறந்து மூடியது. அது நுரையீரலின் வாய். ஆமாம், நுரையீரல். கடல்நத்தை என்று கூப்பிட்டாலும் இது செவுளைக் காட்டித் திரியும் பவளப்பாறை நத்தைகளின் வம்சம் இல்லை. தோட்டத்து நத்தை வம்சம். செயலியின் மூன்றாவது பெயரை நான் சாப்பாட்டு மேசையிலேயே தள்ளிவிட்டதற்கு இதுதான் காரணம். அந்த வகைகள் வற்றத்தில் காற்றில் உலாத்துவதில்லை.

பெரோனியாவைத் தள்ள ஒரு சாப்பாட்டு டப்பா போதுமாக இருந்தது. இந்தக் குடும்பத்தில் பெரோனியாவுக்கு மட்டும் முதுகின் பின்பகுதியில் கிளைவிட்ட செவுள் குஞ்சங்கள் உண்டு. வெளியே இருக்கும்போது சுருக்கி வைத்துக்கொள்வதால் கொப்புளத்தோடு கொப்புளமாகத் தெரியும். தண்ணீரில் விட்டால் செடி மாதிரி விரியும். டப்பாவில் ஓடைத் தண்ணீர் எடுத்து நத்தையை அதில் விட்டு, பத்து நிமிடம் காத்திருந்தோம். தாத்தா ஒரு பீடியைப் பற்றவைத்து முடித்துவிட்டார். குஞ்சம் எதுவும் எழவில்லை. பெரோனியாவைப் பார்க்க வேண்டுமென்றால் பாறைக் கரைக்குப் போக வேண்டும். போர்ட் டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் மாதிரி இடங்கள்தான் தேட ஏற்றவை.

எங்கே உட்கார்ந்திருந்தது என்பதே பாதி அடையாளம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சசேகுமார் 1974-ல் மலாயா அலையாத்திக் கரை ஒன்றின் பிராணிகள் எந்த மட்டத்தில் எது வாழ்கிறது என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். காடு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒரு முழம் உயர வேற்றுமைக்குக் குடியிருப்பவர்கள் மாறிவிடுகிறார்கள். நத்தைக்கும் அப்படியே. மரத்தண்டிலும் விழுந்த கட்டையிலும் ஒட்டியிருந்தால் பிளாட்டெவிண்டெக்ஸ் என்று சந்தேகப்படலாம். காட்டின் உள்மேட்டில் மக்கிய மரத்துக்கு அடியில் என்றால் மெலயோங்கிஸைத் தேடிப் பார்க்கலாம். படம் அனுப்புகிறவர்கள் முதுகுக்குப் பதிலாக நத்தை இருந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பினால்கூட எனக்கு உபயோகமாக இருக்கும்.

*

மெலயோங்கிஸ் என்ற பெயரில் மலாய் என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தது 2017-ல். அதில் சேர்த்த நான்கு இனங்களும் அன்றுதான் பெயர் பெற்றன. ஒன்றின் பெயர் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலாளர் ஐலீன் டானை நினைவுபடுத்துகிறது. இத்தனை கப்பல் போகும் நீரிணை ஓரத்தில், கரையில் இறங்கி நடந்தாலே அகப்படும் பிராணிக்கு அதுவரைக்கும் பெயர் இல்லை என்றால் எப்படி? பெயர் இல்லாததால் வந்த குறை இல்லை. பெயர்கள் அளவுக்குமேல் குவிந்ததால் வந்த குறை.

கதை 1800-ல் வங்காளத்தில் தொடங்குகிறது. பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் சம்புக்கோரை இலையில் ஓடில்லாத ஒரு நத்தையைக் கண்டு, ஒன்கிடியம் என்ற புதுக் கூட்டத்தை அமைத்து, கோரையின் பெயராலேயே அந்த இனத்துக்கு டைஃபே என்று பெயரிட்டார். அதே ஆண்டு சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் வழியாகப் போய், மூன்று பாகங்களாகப் பயண நூல் எழுதிய அதே புக்கானன்தான். கட்டுரை அச்சானபோது அவர் பெயரில் ஒரு 'ன்' கூடுதலாக விழுந்துவிட்டது. விலங்கியல் பெயர்ப் பட்டியலில் இன்றும் அந்த அச்சுப்பிழையோடேயே நிற்கிறார்.

1804-ல் பாரிஸில் விலங்கியலாளர் க்யூவியே, மொரீஷியஸிலிருந்து பெரோன் என்ற பயணி கொண்டுவந்த நத்தையை விவரித்தார். பின்னாளில் அதிலிருந்து பெரோனியா பிறந்தது. அதன்பிறகு எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் நின்றாலும் ஒரு ஜாடியில் ஒரு நத்தை ஐரோப்பாவுக்குப் போனது, ஒரு புதுப் பெயரோடு. உச்சம் 1934. பிரெஞ்சுக்காரர் அல்ஃபோன்ஸ் லாபே அருங்காட்சியக ஜாடிகளைத் திறந்து, சுருங்கிப்போன பிணங்களை வைத்தே கூட்டம் கூட்டமாகப் புதுப் பெயர்களை வழங்கினார். சில நத்தைகளின் தோலில் சிலிக்கா இருப்பதாகச் சொல்லி அவற்றைத் தனிப் பிரிவாகவே பிரித்தார். அதை யாரும் ஏற்கவில்லை. பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. தவறான பெயரையும் நூலிலிருந்து நீக்கிவிட முடியாது, ஒவ்வொன்றையும் யாராவது எடுத்து, விசாரித்து, இது அதுதான் என்று தீர்ப்பு எழுதியாக வேண்டும். நம் ஊர் நிலப்பட்டா வழக்கு மாதிரி.

தீர்ப்பு எழுத உட்கார்ந்தவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெனுவா டேரா. 2009-ல் முதலில் எல்லாப் பெயர்களையும் பட்டியலிட்டார். பிறகு ஜாடிகளை நம்பாமல், பழைய பெயர்கள் பிறந்த கடற்கரைகளுக்கே போய்ப் புதிதாகப் பிடிப்பது என்று தீர்மானித்தார். டிரிசியா கோல்டிங், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார், ஆச்சேயின் முனவ்வர் கலீல், நம் ஐலீன் டான் என்று கூட்டாளிகள். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஹவாய் வரை சேறும் பாறையும். 2020-ல் பெரோனியா வழக்கு முடிந்தபோது, இருந்த 31 பெயர்களில் செல்லுபடியானவை நான்குதான். 27 பெயர்கள் தள்ளுபடி. அதே நேரம் எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத ஐந்து புது இனங்களும் வெளிப்பட்டன. முப்பத்தொரு பெயர் இருந்தும் ஒன்பது இனங்களில் ஐந்துக்குப் பெயரில்லை!

அந்த ஐந்தில் இரண்டு ஜப்பானில் மட்டுமே வாழ்பவை. நான்கு விதமாக வெளிச்சம் பார்க்கும் நத்தை என்று மேலே சொன்னேனே, அந்த ஜப்பானிய ஆய்வகக் கட்டுரைகள் 2020-க்கு வெகு முன்னால் வந்தவை, பழைய பெயரில். அந்தத் தொட்டிகளில் இருந்தது உண்மையில் எந்த இனம்? பெயர் வைப்பது வெறும் ஒட்டுச்சீட்டு வேலை என்று நினைக்கும் உடலியல்காரர்களை நான் இந்தக் கேள்வியால்தான் மடக்குவது வழக்கம்.

கிள்ளான்காரனாக எனக்கு நெருக்கமானது 2019-ல் வந்த தீர்ப்பு. ஒன்கிடியம் என்ற கூட்டத்தில் அதுவரை மூன்றே இனங்கள் மிஞ்சியிருந்தன: புக்கானனின் டைஃபே, ரீவ்சி, வேகா என்ற ஆர்க்டிக் ஆய்வுக் கப்பலில் வந்த விலங்கியலாளரின் பெயரைத் தாங்கிய ஸ்டுக்ஸ்பெர்கி. நான்காவதாக ஒன்று சேர்ந்தது: ஒன்கிடியம் மெலாகென்சே. மலாக்கா நீரிணையின் நத்தை. அந்தமான், சுமத்ராவின் கிழக்குக் கரை, தீபகற்ப மலேசியா ஆகிய பகுதிகளில் மூன்றே மூன்று அலையாத்தி இடங்களில், மொத்தம் ஒன்பது நத்தைகள். உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஒன்பதை வைத்து ஓர் இனம் என்று எப்படித் துணிந்தார்கள் என்றால், மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு மரபணுக்கள், உட்கருவின் இரண்டு மரபணுத் துண்டுகள், கூடவே அறுத்துப் பார்த்த உள்ளுறுப்புகள், மூன்றும் ஒரே சாட்சியைச் சொன்னதால்.

இந்தச் சாட்சிகளை நம் அடையாள அட்டையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மைகார்டில் நம் பெயருக்குப் பின்னால் 'அ/லெ', 'அ/பெ' என்று அப்பா பெயர் வரும். மைட்டோகாண்ட்ரியா அதற்கு நேர்மாறு. அம்மா வழி மட்டுமே. அதில் ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்து, நத்தைக்கு நத்தை எத்தனை எழுத்து மாறுகிறது என்று எண்ணுகிறார்கள். ஒரே இனத்துக்குள் வேற்றுமை சிறிது, இனங்களுக்கிடையே பெரிது, நடுவே ஒரு வெற்றிடம். (இந்த நத்தைகள் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் அம்மா என்றால் இங்கே முட்டையிட்டவர் என்று கொள்க.) ஆனால் அம்மா வழியை மட்டும் கேட்டால் ஒரு குடும்பமே இரண்டாகத் தெரியும் ஆபத்து உண்டு. வாலகோங்கிஸ் என்ற அழகிய கூட்டத்தில் அது நடந்தது. மைட்டோகாண்ட்ரியாவைக் கேட்டபோது 13 பிரிவு. உட்கரு மரபணுவைக் கேட்டபோது 9. இரண்டையும் உடலமைப்போடு பொருத்திப் பார்த்து 2018-ல் பத்து என்று முடிவு செய்தார்கள். சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக முதுகு பளபளக்கும் நத்தைகள் அவை. அந்த நிறத்தால் ஓர் இனத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை. ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் தாறுமாறாக மாறுகிறது. பத்தையும் பிரித்துக் காட்டியது இனப்பெருக்க உறுப்பு.

அந்தப் பத்தில் ஒன்றுக்கு நங்கவ்ரியென்சே என்று பெயர். நிக்கோபாரின் நங்கவுரித் தீவால் வந்தது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு சேர்ந்து வரும் மாநக்கவாரம் நிக்கோபார்தான். நக்கவாரத்து நத்தை என்று தமிழில் எழுதலாம், யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

*

எங்கள் நத்தை டப்பாவுக்குள் சுவரேறிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்கிடியம்தான், அப்படியானால் வேலை சுலபம் என்று நான் நினைத்தது உண்மை. ஒன்கிடியத்தில் மட்டும் முதுகு கொஞ்சம் நேர்மையானது. நான்கு இனங்களுக்கும் முதுகின் நிறமும் கொப்புள அமைப்பும் வெவ்வேறு. மாணவியின் படமே போதுமானதாக இருந்திருக்கும். நத்தையை மெதுவாகக் கழுவி முதுகை மறுபடி பார்த்தேன். பழுப்பு, சில இடத்தில் கருமை, கொப்புளம் தாழ்வாக. நான்கில் எதோடும் திருப்தியாகப் பொருந்தவில்லை. அப்போதுதான், வந்ததிலிருந்தே நினைத்திருக்க வேண்டியது நினைவுக்கு வந்தது: பாரமோயோங்கிஸ். முன்பு ஒன்கிடியத்தோடு சேர்த்து வைத்திருந்து 2019-ல் தனியே பிரித்த கூட்டம். இதே சேறு, இதே பழுப்பு, இதே அகலக் கால், முதுகில் செவுள் கிடையாது. செயலியின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததால் என் பட்டியலிலும் இல்லாமல் போயிருந்தது.

இரண்டில் எது என்று தீர்மானிக்க அறுக்க வேண்டும். அதற்கு நத்தையை மெக்னீசியம் குளோரைடு கலந்த நீரில் தளரவைத்து, கால்துண்டு ஒன்றை 95 விழுக்காடு எத்தனாலில் மரபணுவுக்காக வைத்து, உடம்பைத் திறந்து, குடல் எத்தனை வளையமாக மடிந்திருக்கிறது, வலது கொம்பருகே திறக்கும் ஆணுறுப்பின் உள்ளமைப்பு என்ன என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். காப்புக்காட்டில் பிடிக்க வனத்துறையின் அனுமதிக் கடிதமும் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு சாப்பாட்டு டப்பாவும் லென்ஸும். படிக்கிற காலத்தில் ஒருமுறை, அவசரத்தில் கிடைத்த நத்தையைப் பார்மலினில் போட்டுவிட்டு, மரபணு சிதைந்துபோய், எதற்கும் உதவாத ஓர் உயிரைக் கொன்றதாக ஆகிவிட்டது. அந்த ஜாடியை இன்னும் வைத்திருக்கிறேன். அது போதும்.

மாணவி குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். தேதி, வற்ற நேரம், மண்கரையிலிருந்து எத்தனை எட்டு, எந்த வேர், கால் அகலம், செவுள் இல்லை, முதுகுக் கண் மூன்று மூன்றாக. அடிப்பக்கத்தைப் படம் எடுத்தது அவள்தான். ஒரு கையால் நத்தையைப் பிடித்துக்கொண்டு.

தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. தாத்தா கூட்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"பேரு கெடச்சிச்சா தம்பி?"

"குடும்பப் பேரு கெடச்சிருக்குங்க ஐயா. ஒன்கிடிடே. சொந்தப் பேரு இன்னும் இல்ல."

"காலையிலேருந்து நின்னதுக்குக் குடும்பப் பேருதானா!" என்றவர், மாணவி கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "கண்ட எடத்துல ஊத்திடாத ஆயா. எந்த வேருகிட்ட எடுத்தியோ அங்கயே விடு. அதுக்கு வீடு இருக்கும்."

அவர் சொன்னது சரி. இந்தக் குடும்பத்து நத்தைகள் சில, மேய்ந்துவிட்டுத் தாம் விட்ட சளித்தடத்தை மோப்பம் பிடித்தே சொந்த வளைக்குத் திரும்புவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் அதே ஓட்டையிலதான பாக்கறேன்" என்றார்.